முத்துராஜ் நோட்டின் இடது பக்கம்

முத்துராஜை எனக்குப் பதினோரு வருடமாகத் தெரியும். அவன் டிரைவர், நான் கண்டக்டர். புதுக்கோட்டையிலிருந்து திருமயம் வழியாகப் பொன்னமராவதி போகும் தனியார் வண்டி. இத்தனை வருடத்தில் ஒரு கோழி மேல்கூட அவன் ஏற்றியதில்லை. ஏற்றியிருந்தால் நானே ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பேன்.

அவனைப் பற்றி நான் எழுத உட்கார்ந்ததற்குக் கோபம்தான் காரணம். நியாயமாக அது அவனுக்கு வரவேண்டிய கோபம். அவன் அதை எடுத்துக்கொள்ளவில்லை. யாராவது எடுத்துத்தானே ஆக வேண்டும்.

திருமயத்துக்குப் பக்கத்துக் கிராமம் அவனுக்கு. அப்பா இறந்தபோது அவனுக்குப் பத்தொன்பது வயது, தங்கை பரிமளாவுக்குப் பதினொன்று. லாரி கிளீனராகப் போனான், பிறகு டிரைவர் ஆனான், அவளை டீச்சர் டிரெயினிங் வரை படிக்க வைத்தான். பொன்னமராவதிப் பக்கம் திருப்பதி என்பவனுக்குக் கட்டிக் கொடுத்தான். மாப்பிள்ளைக்கு ஷார்ஜாவில் வேலை. ஒன்பது வருடம் பிள்ளை இல்லை. கோயில், ஆஸ்பத்திரி என்று அவளை அழைத்துக்கொண்டு அலைந்தது புருஷனைவிட இவன்தான். கடைசியில் இனியா பிறந்த அன்று, மூன்று நடைக்கும் பயணிகளுக்கு இவன் மிட்டாய் கொடுத்த கொடுமையில் என்னால் டிக்கெட் கிழிக்க முடியவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளைக்குக் காது குத்துவது என்றால் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்துவார்கள். தோடு அவன் வாங்கி வருவான், சீர் அவன் கொண்டு வருவான், பிள்ளை கத்தும்போது தலையைப் பிடித்துக்கொள்வதும் அவன்தான். மாமன் உயிரோடு இருந்தும் பிள்ளை வேறு மடியில் உட்கார்ந்தால் ஊர் விசாரிக்கவே விசாரிக்காது. ஒன்று உறவு அறுந்துவிட்டது, இல்லை அந்த ஆள் ஆகாதவன் என்று தானாக முடிவு செய்துகொள்ளும்.

முத்துராஜ் அந்த நாளுக்காகத்தான் ஒன்பது வருடம் காத்திருந்தான்.

இனியாவுக்கு ஒன்றரை மாதம் ஆகியிருந்தபோது தடுப்பூசி போட்டுவிட்டு ஆஸ்பத்திரிப் படியில் இவன்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். படி கழுவி விட்டிருந்தார்கள். வழுக்கி உட்கார்ந்துவிட்டான். பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை. தூக்கம்கூடக் கலையவில்லை. பரிமளாகூடச் சிரித்துவிட்டாள்.

ஆனால் அன்றைக்கு ஒரு நினைப்பு இவன் தலைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. ‘இந்தப் பிள்ளையை நான் கீழே போட்டுவிடுவேன்.’ முதலில் அது தவறிப் போட்டுவிடுவேனோ என்றுதான் இருந்தது. பத்து நாளில் ‘வேண்டுமென்றே போட்டுவிடுவேனோ’ என்று மாறியது. தங்கை வீட்டுக்குப் போனால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். பிள்ளையை நீட்டினால், “கையெல்லாம் டீசல்” என்பான். மாடிப்பக்கம் போகமாட்டான். வண்டியில் ஸ்டியரிங் பிடித்தால் மலை மாதிரி இருக்கிறவன், பிள்ளையைப் பார்த்தால் வியர்த்து ஊற்றினான். மந்திரித்துப் பார்த்தான், கயிறு கட்டினான். நாலு மாதத்தில் பாதி ஆளாகிவிட்டான்.

ஒருநாள் டீக்கடையில் என்னிடம் சொல்லி அழுதான். “ரகு, நான் கொலைகாரன்டா. எனக்குள்ள அப்படி ஒருத்தன் இருக்கான்டா.”

நான்தான் அவனைப் புதுக்கோட்டையில் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் அம்மா நிதானமாகக் கேட்டுவிட்டு, முதலில் பேச்சு வைத்தியம் பார்க்கலாம் என்று பெலிக்ஸ் என்பவரிடம் அனுப்பினார். முப்பது வயது இருக்கும், மனநல ஆலோசகர். காலை பத்து நாற்பதுக்கு எங்கள் வண்டி புதுக்கோட்டை வந்தால் அடுத்த நடை பன்னிரண்டு ஐந்துக்குத்தான். “அந்த நேரத்துக்கே வாங்க, நான் மாத்தி வச்சுக்கிறேன்” என்றார் பெலிக்ஸ். செவ்வாய்க்கிழமைதோறும் என்று முடிவாயிற்று. முதல் நாள் முத்துராஜ் என்னையும் உள்ளே உட்காரச் சொன்னான்.

மந்திரம் மாதிரி ஏதாவது நடக்கும் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் கேட்டது இதைத்தான்.

“முன்னால ஒரு மொபட் போகுது. ஹாரன் அடிக்கிறீங்க, ஒதுங்கல. என்ன நினைப்பீங்க?”

“திமிருன்னு நெனைப்பேன் சார்.”

“என்ன வரும்?”

“கோவம் வரும். நல்லா வரும்.”

“அவருக்குக் காது கேக்காதுன்னு நினைச்சிருந்தா?”

“பாவமா இருக்கும். பின்னாலயே மெதுவாப் போவேன்.”

“ஹாரன் அதேதான், மொபட்டும் அதேதான். உங்க நினைப்பு மாறினதும் மனசு மாறுது, கால் பிரேக்குக்குப் போகுது. எங்க வைத்தியம் இந்த இடத்துலதாங்க ஆரம்பிக்குது.”

பிறகு அவர் சொன்னதைக் கேட்டு எனக்கே தூக்கிவாரிப் போட்டது. கைக்குழந்தையைத் தூக்கும்போது ‘போட்டுவிடுவேனோ’ என்று ஒரு நொடி தோன்றுவது உலகத்தில் பாதிப் பேருக்கு நடப்பதாம். மொட்டைமாடி ஓரத்தில் நின்றால் ‘குதித்துவிடுவேனோ’ என்று தோன்றுவதும் அப்படித்தானாம். எனக்கும் தோன்றியிருக்கிறது. வெளியே சொன்னதில்லை.

“மத்தவங்க அதை விட்டுட்டு அடுத்த வேலையைப் பாக்கப் போயிடுறாங்க. நீங்க அதுக்கு ஒரு அர்த்தம் கொடுத்துட்டீங்க. இப்படி நினைக்கிறவன் கெட்டவன், நினைச்சதைச் செஞ்சுடுவான்னு. அந்த அர்த்தம்தான் உங்களைப் படுத்துது. அதனால பிள்ளையைத் தொடாம ஒதுங்குறீங்க. ஒதுங்க ஒதுங்க, ‘நான் ஒதுங்குனதாலதான் பிள்ளை பிழைச்சுது’ன்னு மனசு நம்புது. பயம் எப்படிக் குறையும்?”

அப்போது தான் குடித்துக்கொண்டிருந்த டீ கிளாஸை முத்துராஜ் கையில் கொடுத்தார். ‘இதைத் தூக்கிப் போட்டு உடைக்கப் போகிறேன்’ என்று ஐந்து நிமிடம் விடாமல் நினைக்கச் சொன்னார். எவ்வளவு பலமாக முடியுமோ அவ்வளவு பலமாக. நம்ம ஆள் கண்ணை மூடி, பல்லைக் கடித்து, முகம் சிவக்க நினைத்தான். ஐந்து நிமிடம் கழிந்தும் கிளாஸ் கையில் இருந்தது. டீதான் ஆறிப்போயிருந்தது.

“ஏன் போடலை?” என்றார் பெலிக்ஸ்.

முத்துராஜ் கிளாஸை மேஜையில் வைத்தான். “நெனைச்சாப் போதாது போல சார்” என்றான்.

அன்றைக்குத்தான் அந்த நோட்டு வந்தது. நீள நோட்டு. இரண்டு பக்கத்தையும் சேர்த்து விரித்து வைத்து எழுத வேண்டும். இடது பக்கத்தில் என்ன நடந்தது, அப்போது என்ன நினைப்பு வந்தது, அதை நூற்றுக்கு எவ்வளவு நம்புகிறாய் என்று மூன்று கட்டம். மனதில் வந்ததைப் பூசி மெழுகாமல் அப்படியே எழுத வேண்டும். வலது பக்கத்தில் அந்த நினைப்புக்குச் சாதகமாக என்ன சாட்சி, எதிராக என்ன சாட்சி, இரண்டையும் பார்த்தபிறகு என்ன தோன்றுகிறது, இப்போது நூற்றுக்கு எவ்வளவு. முத்துராஜுக்கு அது பிடித்திருந்தது. பத்தாவது வரை படித்தவன், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

முதல் பக்கம் எனக்கு இன்னும் மனப்பாடம். இடது பக்கத்தில்: ‘பரிமளா பிள்ளையை நீட்டினாள். பிள்ளையைக் கீழே போட்டுக் கொன்றுவிடுவேன். 95.’ வலது பக்கத்தில் எழுத ஒன்றும் இல்லை என்று உட்கார்ந்துவிட்டான்.

பெலிக்ஸ் கேட்டார். “அன்னிக்குப் படியில விழுந்தப்ப உங்க கை என்ன செஞ்சது?”

“ரெண்டு கையாலயும் புள்ளைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டேன் சார். ஊன முடியலை. அதான் முட்டி பேந்துருச்சு.”

“கையை விட்டு ஊனியிருந்தா முட்டி தப்பியிருக்கும்ல?”

அவன் தன்னைக் கொலைகாரன் என்று முடிவு கட்டியதே அந்தப் படியை வைத்துத்தான். அதே படி இப்போது மறுபக்கம் சாட்சி சொன்னது. எழுதினான். ‘விழுந்தபோதும் கை விடவில்லை. பரிமளா அஞ்சு வயசில் காய்ச்சலாகக் கிடந்தபோது இரண்டு மைல் தூக்கிப் போனேன். போடவில்லை.’ கடைசிக் கட்டத்தில் 70 என்று போட்டான்.

அப்படியே படிப்படியாகப் போனது. பக்கத்து வீட்டுப் பிள்ளையை உட்கார்ந்தபடி தூக்குவது, நின்றபடி தூக்குவது, ஜன்னலோரம் நிற்பது. ஒவ்வொன்றுக்கும் முன்னால், என்ன நடக்கும் என்று பயப்படுகிறான் என்பதை எழுதி வைத்துவிட்டுச் செய்ய வேண்டும். செய்தபிறகு நடந்ததை எழுத வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் கூட்டம் பிதுங்கியது. ஒரு பெண் டிரைவர் பக்க ஜன்னல் வழியாகப் பிள்ளையை நீட்டி, “அண்ணே, செத்த புடிங்க, ஏறி வாங்கிக்கிறேன்” என்று கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள். இவன் மறுப்பதற்குள் பிள்ளை இவன் மீசையைப் பிடித்துவிட்டது. அந்தப் பெண் கூட்டத்தில் நீந்தி வந்து சேரப் பத்து நிமிடம் ஆனது. பிள்ளையைக் கொடுத்தபிறகு, “ரகு, அந்த நெனைப்பு வந்துச்சுடா. வந்துட்டு அதுபாட்டுக்குப் போயிருச்சு” என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நாலு மாதத்தில் தொண்ணூற்றைந்து, பதினைந்துக்கு வந்தது. இனியாவுக்குப் பதினோராம் மாதம் காதுகுத்து என்று நாள் குறித்தார்கள்.

அதற்குப் பத்து நாள் முன்பு பரிமளா அவனிடம் நேராகவே கேட்டுவிட்டாள். “எம்புள்ளைய ஏண்ணே நீ தூக்குறதே இல்ல? பொம்பளப் புள்ளையாப் போச்சுன்னா?”

இவனால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னான். பெலிக்ஸ் சொல்லிச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அவனாகத்தான் நோட்டை எடுத்துப்போய் அவளிடம் கொடுத்தான். இடது பக்கம் என்ன, வலது பக்கம் என்ன என்று விளக்கினான். அவள் அழுதாளாம். “விட்டுட்டுப் போண்ணே, முழுசாப் படிச்சிட்டுத் தாரேன்” என்றாளாம். மறுநாள் திருப்பிக் கொடுத்தபோது அவன் கையைப் பிடித்துக்கொண்டு, “யாரு என்ன சொன்னாலும் ஒன் மடியிலதாண்ணே எம்புள்ளைக்குக் காது குத்து” என்றாளாம். அதைச் சொல்லும்போது இவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இருபது வயது குறைந்துவிட்டிருந்தது.

இங்கே என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். காதுகுத்துக்கு இரண்டு நாள் முன்பு பொன்னமராவதியில் திருப்பதியின் சொந்தக்காரர் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஒங்க டிரைவருக்கு மண்டை சரியில்லையாமே? புள்ளையக் கொல்லப் போறேன்னு எழுதி வச்சிருக்காராமே?” என்றார். நான் அவரை வாயில் வந்தபடி ஏசினேன். ஆனால் முத்துராஜிடம் சொல்லவில்லை. சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று இருந்துவிட்டேன். அது அன்பு என்று அப்போது நினைத்தேன். கோழைத்தனம்தான்.

காதுகுத்து பொன்னமராவதியைத் தாண்டி, திருப்பதி வீட்டுக் குலதெய்வமான அய்யனார் கோயிலில். முதலாளியிடம் கேட்டு எங்கள் வண்டியையே எடுத்திருந்தோம். திருமயத்துப் பக்கத்து உறவெல்லாம் ஏறிக்கொண்டது. இருபத்தொரு தட்டுச் சீர், மேளம், வேட்டு என்று முத்துராஜ் ஒரு குறையும் வைக்கவில்லை. பிள்ளைக்கு மொட்டை போட்டுக் குளிப்பாட்டிச் சந்தனம் பூசியிருந்தது. ஆசாரி பலகையைப் போட்டுவிட்டு, “தாய்மாமன் வந்து ஒக்காருங்க” என்றார்.

முத்துராஜ் வேட்டியைச் சரிசெய்துகொண்டு நடந்தான். அவன் போய்ச் சேருவதற்குள் பலகையில் பிச்சைமுத்து உட்கார்ந்துவிட்டான். பிச்சைமுத்து இவர்களுக்குப் பெரியப்பா மகன், அவனும் பிள்ளைக்கு மாமன் முறைதான். புதுப் பட்டு வேட்டி, அதற்கேற்ற சட்டை. மாலை ஒன்றுதான் வாங்கியிருந்தார்கள், அது அவன் கழுத்தில் விழுந்தது. அவசரத்தில் நடந்ததில்லை இது, பல நாள் முன்னதாகவே பேசி முடித்தது என்று அந்த வேட்டியைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

பரிமளா ஓடிவந்து அண்ணன் கையைப் பிடித்தாள். “நீ செத்த இங்கிட்டு வாண்ணே. நின்னு பாரு. சாமி காரியம், ஏதும் ஒண்ணு ஆகிப்போச்சுன்னா...”

“என்ன ஆகும்?” என்றான் முத்துராஜ்.

ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்திருந்த திருப்பதிதான் வந்து போனை நீட்டினான். “தப்பா நெனைக்காதீங்க மச்சான். நீங்களே எழுதியிருக்கீங்களே.”

போனில் அந்த நோட்டு இருந்தது. முத்து முத்தான கையெழுத்து. ‘பிள்ளையைக் கீழே போட்டுக் கொன்றுவிடுவேன். 95.’ திருப்பதி வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது.

“வலது பக்கம் எங்க மாப்ள?” என்று கேட்டான் முத்துராஜ்.

“எந்த வலது பக்கம்?”

திருப்பதி பொய் சொல்லவில்லை. அப்படி ஒரு பக்கம் இருப்பதே அவனுக்குத் தெரியாது. தெரிந்தவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு பக்கமும் விரிந்து கிடக்கும் நோட்டில் ஒரு பக்கத்தை மட்டும் படம் பிடிக்க வேண்டுமென்றால் மெனக்கெட்டுப் போனைக் கிட்டே கொண்டுபோக வேண்டும். ஒன்பது வருடம் தவம் கிடந்து பெற்ற பிள்ளை, தாய்க்குப் பயம் வரத்தான் செய்யும். அதை நான் ஒத்துக்கொள்கிறேன். பயமாக இருக்கிறது என்று அவனிடமே சொல்லியிருந்தால் அவனே ஒதுங்கி நின்றிருப்பான். அவள் அவன் கையைப் பிடித்துச் சத்தியம் போலப் பேசிவிட்டு முதுகுக்குப் பின்னால் போய் இதைச் செய்தாள். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

முத்துராஜ் திரும்பித் தன் மனைவி செல்வராணியைப் பார்த்தான். “ஒனக்கும் தெரியுமா?”

“மூணு நாளாத் தெரியும். நீங்க வருத்தப்படுவீங்கன்னு...” என்று அவள் இழுத்தாள்.

முத்துராஜ் சட்டைப் பையிலிருந்து தோட்டை எடுத்து ஆசாரியிடம் கொடுத்தான். பிள்ளை வீறிட்டுக் கத்தியபோது அவன் இரண்டு கையும் தானாக முன்னால் போயின. பிறகு அவற்றைக் கீழே இறக்கிக்கொண்டான்.

கறிச்சோறு சாப்பிட்டு எல்லோரும் வண்டியில் ஏறினார்கள். யாருக்கும் ஒரு கூச்சம் இல்லை. பிச்சைமுத்து மாலையோடு ஏறினான். பரிமளா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டிரைவருக்குப் பின்னாலேயே உட்கார்ந்தாள். அவர்கள் வீடு பொன்னமராவதியில், போகிற வழி. ஒரு பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளத் தகுதியில்லாத ஆள் என்று தீர்ப்புச் சொன்ன ஐம்பது பேரும், அந்தப் பிள்ளையும், அவன் கையை நம்பி ஏறி உட்கார்ந்து, பத்து நிமிடத்தில் குறட்டை விட்டுத் தூங்கினார்கள். வண்டியை நிறுத்தி ஒவ்வொருவராக இறக்கிவிட வேண்டும் என்று எனக்குத் துடித்தது. அவன் குண்டும் குழியுமான அந்த ரோட்டில் பிள்ளை முழித்துவிடாமல் இரண்டாவது கியரிலேயே போனான்.

திருமயத்தில் எல்லோரும் இறங்கியபிறகு, “எனக்கு முந்தாநாளே தெரியும்டா. சொல்லாம விட்டுட்டேன்” என்றேன். “சரி, விசிலடி. வண்டிய ஷெட்ல விடணும்” என்றான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நானும் உள்ளே போனேன். நோட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தான். ‘என் தங்கச்சி என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டாள். 100.’ எதிர்ப்பக்கம் வெறுமையாக இருந்தது.

பெலிக்ஸ் விடவில்லை. வெறுப்பினால் செய்தாளா, பயத்தினால் செய்தாளா என்று கேட்டார். “பயத்துலதான் சார்” என்று சொல்லிக்கொண்டே எழுதினான். இரண்டு பக்கமும் படித்தாளா என்று கேட்டார். படித்தாள். உங்களிடம் சொல்ல வாய்ப்பு இருந்ததா? பத்து நாள் இருந்தது. பெலிக்ஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“முத்துராஜ், இது தப்பான நினைப்பு இல்லை. நடந்ததுதான். நடந்ததை நடக்கலைன்னு நம்ப வைக்கிறது எங்க வேலை இல்லைங்க.”

“அப்ப இதுக்கு என்ன வைத்தியம் சார்?”

“இது நோய் இல்லை, துக்கம். வலிக்கும், வலிக்கட்டும். ‘இனி ஒருத்தரையும் நம்பக்கூடாது’ன்னு நினைப்பு வளர ஆரம்பிச்சா அன்னிக்கு எழுதிட்டு வாங்க. அதைச் சோதிச்சுப் பாப்போம்.”

முத்துராஜ் நோட்டை மூடிவிட்டான். பொய் நினைப்பு பதினைந்துக்கு இறங்கி, மெய் ஒன்று நூறில் நின்றது. படி இறங்கும்போது, “பழைய வலியே தேவலைடா ரகு. அது பொய்யின்னாவது ஆச்சு” என்றான்.

ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுத் தண்ணீர் மோட்டாரைக் கழற்றிப் பார்க்க நான் போயிருந்தேன். பரிமளா பிள்ளையோடு வந்தாள். பிள்ளைக்குக் காதுகுத்தன்று உடுத்திய பட்டுப்பாவாடை, மாமன் வாங்கிய தோடு. கொஞ்ச நேரம் அது இது பேசினாள். பிறகு, “ஆல்பம் போடணும்ணே. எல்லாரும் மாமன் போட்டோ எங்கன்னு கேக்குறாங்க. மடியில வச்சு ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கலாம், யாருக்கும் வித்தியாசம் தெரியாது” என்றாள்.

கையிலிருந்த ஸ்பேனரை எங்கே எறிவது என்று எனக்குத் தெரியவில்லை. முத்துராஜ் கையை நீட்டினான். பிள்ளை தாவி வந்தது. ஆஸ்பத்திரிப் படியில் விழுந்தபிறகு அவளை அவன் முழுதாகத் தூக்கியது அதுதான் முதல் தடவை. கை நடுங்கவில்லை. காதில் தோடு குத்திய இடம் ஆறிவிட்டதா என்று பார்த்தான். உச்சியில் முத்தம் கொடுத்தான். வாசலுக்கும் வேப்பமரத்துக்கும் இரண்டு நடை நடந்தான். பிள்ளை கிளுகிளுவென்று சிரித்தது.

பரிமளா போனை உயர்த்தினாள். “ஒக்காருண்ணே, மடியில வச்சுக்க.”

“போன உள்ள வையி” என்றான். சத்தம் போடவில்லை. “இவ எப்ப வேணாலும் வரட்டும், தூக்கிக்கிட்டே இருக்கேன். போட்டோ வேணாம். அன்னிக்கு இவ எம்மடியில இல்ல.”

அவள் அழ ஆரம்பித்தாள். “இன்னும் பயமா இருக்காண்ணே ஒனக்கு?”

அவன் பிள்ளையை அவளிடம் நீட்டினான். அவள் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வாங்க வந்தாள். அவன் கொடுக்காமல் நின்றான்.

“ரெண்டு கையாலயும் புடி பரிமளா” என்றான். “விழுந்துரப் போறா.”